தூத்துக்குடி டு எவரெஸ்ட்: பணம் கட்டினால் ஏற்றிவிட்டுவிடுவார்களா?

தூத்துக்குடி ரோச் பூங்கா பக்கம் சாயங்காலம் காற்று வாங்கப் போகிறவர்களுக்குக் கடல் மட்டம் என்பது புவியியல் புத்தகத்தில் படித்த சொல் இல்லை. காலடியிலேயே கிடக்கிறது. எவரெஸ்ட்டின் உயரம் 8,848.86 மீட்டர் என்று நேபாளமும் சீனாவும் 2020 டிசம்பரில் சேர்ந்து அறிவித்தனவே, அந்தக் கணக்கும் கடல் மட்டத்தைப் பூஜ்ஜியமாக வைத்துத்தான் தொடங்குகிறது.

இப்போது அந்தப் பூஜ்ஜியத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் போனிலும் விளம்பரம் வருகிறது. ‘வழிகாட்டியுடன் எவரெஸ்ட் பயணம், அடுத்த சீசனுக்கு முன்பதிவு ஆரம்பம்.’ ரீல்ஸில் ஒருவர் பனிமுகட்டில் தேசியக் கொடி பிடித்து நிற்கிறார். கீழே கமென்ட்டில் இரண்டே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. ‘எவ்ளோ ஆகும் ப்ரோ?’, ‘பணம் கட்டினா ஷெர்பாவே ஏத்தி விட்டுடுவாராமே, நெஜமா?’

முதல் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். இரண்டாவதுக்குக் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

கடற்கரையிலிருந்து போனவர்கள் உண்டா?

உண்டு. 2023 மே மாதம் தமிழ்நாட்டுக்கு அடுத்தடுத்து இரண்டு நல்ல செய்திகள் வந்தன. சென்னையை அடுத்த கோவளத்தில் அலைச்சறுக்குப் பயிற்சியாளராக இருந்த ராஜசேகர் பச்சை மே 19-ல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். கடலில் பலகை போட்டு நின்று பழகிய கால்கள் அவை. நான்கே நாள் கழித்து, மே 23-ல், முத்தமிழ்ச்செல்வி உச்சிக்குப் போனார். தூத்துக்குடிக்குப் பக்கத்து மாவட்டமான விருதுநகரின் ஜோகில்பட்டி அவருடைய சொந்த ஊர். இரண்டு குழந்தைகளின் அம்மா, சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுப்பவர். எவரெஸ்ட் ஏறிய முதல் தமிழ்நாட்டுப் பெண் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. அவர் பயணத்துக்கு முதல்வர் மு.க.ஸ்டாலின் ரூ.10 லட்சம் வழங்கினார். பிறகு கூடுதல் உதவியும் சேர்ந்தது.

அதே மே 23-ம் தேதி இன்னொரு தமிழ்க் கணக்கும் உண்டு. 1997-ல் அந்த நாளில்தான் எம்.மகேந்திரன், என்.மோகனதாஸ் என்ற இரண்டு மலேசியத் தமிழர்கள் உச்சியைத் தொட்டு, எவரெஸ்ட் ஏறிய முதல் மலேசியர்கள் ஆனார்கள். பனியே விழாத நாட்டிலிருந்து போனவர்கள். ஆகவே ‘நம்மூர் வெயில்ல வளர்ந்த உடம்புக்கு இதெல்லாம் ஆகாது’ என்ற பேச்சு எடுபடாது.

இவர்கள் எல்லாம் தனியாகப் போனவர்கள் அல்ல என்பதையும் கூடவே சொல்லவேண்டும். குழு, ஷெர்பாக்கள், ஆக்சிஜன் சிலிண்டர், ஏற்கெனவே கட்டப்பட்ட கயிறு எல்லாம் சேர்ந்ததுதான் இன்றைய எவரெஸ்ட். பணம் கட்டிச் செல்லும் வழக்கம் புதிதும் அல்ல. 1985-ல் டிக் பாஸ் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் ஒரு மலையேற்ற நிபுணரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு 55 வயதில் உச்சிக்குப் போனார். ‘அவரால் முடியும்னா நம்மாலும் முடியும்’ என்று பணமுள்ளவர்கள் யோசிக்க ஆரம்பித்தது அங்கேதான்.

முத்துக்குளிக்கிறவருக்குத் தெரிந்த விஷயம்

உயரத்தில் என்ன நடக்கிறது என்பதைத் தூத்துக்குடிக்காரர்களுக்கு விளக்குவது மற்ற ஊர்க்காரர்களைவிட எளிது. இங்கே பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது, 1961-தான் கடைசி. ஆனால் திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கடலுக்குள் 10 மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் விழும் அழுத்தம் இரண்டு மடங்காகிறது என்பதைக் காதில் விழும் அமுக்கத்திலேயே அவர்கள் உணர்கிறார்கள்.

மலையில் இது அப்படியே தலைகீழ். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. 5,364 மீட்டரில் உள்ள எவரெஸ்ட் அடிவார முகாமில் தூத்துக்குடியில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. ‘மேலே ஆக்சிஜன் சதவீதம் குறைவு’ என்று பலரும் எழுதுகிறார்கள், அது தவறு. சதவீதம் எங்கும் அதே 21தான். ஒரு மூச்சில் உள்ளே வரும் காற்றே குறைந்துபோவதுதான் சிக்கல்.

அப்படியென்றால் மூச்சடக்கப் பழகிய சங்குகுளிக்காரர் மலையில் சுலபமாக ஏறிவிடுவாரா? இல்லை. கடலுக்குள் ஒன்று, ஒன்றரை நிமிடம் மூச்சைப் பிடித்துவைப்பது திறமை. மலையில் வாரக்கணக்காக, தூங்கும்போதும்கூட, வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். இரண்டும் எதிரெதிரான வேலை.

உடம்பு இதற்குப் பழக நேரம் எடுக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகவேண்டும். அதனால்தான் 3,000 மீட்டருக்கு மேல், படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 300 முதல் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்கிறார்கள் மருத்துவர்கள். அவசரப்பட்டால் தலைவலி, வாந்தியில் ஆரம்பிக்கும். மேலும் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்ளும். அதற்கு ஒரே நம்பகமான மருந்து உடனே கீழே இறங்குவது. 8,000 மீட்டருக்கு மேலே உடம்பு பழகவே பழகாது. அங்கே இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உடம்பு தேய்ந்துகொண்டே போகிறது. ‘மரண மண்டலம்’ என்ற பெயரை யாரும் சும்மா வைக்கவில்லை.

இன்னொரு கணக்கு. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம் ஆனைமுடி, 2,695 மீட்டர். எவரெஸ்ட் நடைப்பயணம் தொடங்கும் லுக்லா விமான நிலையமே அதைவிட உயரத்தில் இருக்கிறது. நம்மிடம் இருக்கும் மலைகள் முடிகிற இடத்துக்கும் மேலேதான் அங்கே முதல் அடியையே எடுத்து வைக்கிறார்கள்.

சரி, எவ்வளவு ஆகும்?

நேபாள அரசு வாங்கும் அனுமதிக் கட்டணம் மட்டும், மே மாத சீசனுக்கு, 15,000 டாலர். 2025 செப்டம்பர் வரை 11,000 டாலராக இருந்ததைத்தான் இப்படி உயர்த்தினார்கள். இந்தியர்களுக்கு விசா வேண்டாமே தவிர, கட்டணத்தில் சலுகை இல்லை. வெளிநாட்டவர் விலைதான். இந்த ஒரு தாளுக்கே சுமார் 13 லட்சம் ரூபாய் போய்விடுகிறது.

அதற்கு மேல் குழு நடத்தும் நிறுவனத்துக்குக் கொடுக்கவேண்டியது. அனுமதியையும் சேர்த்து நேபாள நிறுவனங்கள் சுமார் 40,000 டாலரிலிருந்து கேட்கின்றன. மேற்கத்திய நிறுவனங்களில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும் தொகுப்புகளும் உண்டு. முகாம் கூடாரம், சாப்பாடு, ஷெர்பா, குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆக்சிஜன் சிலிண்டர் இதில் அடங்கும். பனிக்காலணி, இறகு அடைத்த முழு உடுப்பு, காப்பீடு, விமான டிக்கெட், ஷெர்பாவுக்குக் கொடுக்கும் உச்சி போனஸ் எல்லாம் தனி. அதற்கு முன்னால் இரண்டு மூன்று வருடம் சின்னச் சின்ன சிகரங்களில் பயிற்சி எடுத்த செலவு இன்னும் தனி.

ஆக மொத்தம் குறைந்தது 40 லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். இதை பர்சனல் லோனாக 12 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 89,000 ரூபாய் வரும். ஒரு ஐடி ஊழியரின் மொத்தச் சம்பளமே அதுதான் என்று வையுங்கள். அவர் உச்சிக்கு 200 மீட்டர் கீழே நிற்கிறார். மணி மதியம் இரண்டு. காற்று கிளம்புகிறது. ‘திரும்பலாம்’ என்கிறார் ஷெர்பா. அந்த நேரத்தில் அவர் மண்டைக்குள் ஓடுவது வானிலையா, தவணையா?

கடன் வாங்கிப் போவது பணப் பிரச்சினை மட்டும் இல்லை, உயிர்ப் பிரச்சினையும்கூட என்பது இதனால்தான். திரும்பி வரும் நேரம் என்று ஒன்றை முன்கூட்டியே குறித்துக்கொள்வது மலையேற்றத்தின் அடிப்படை விதி. 1996 மே 10-ல் அந்த நேரத்தைத் தாண்டியும் பலர் ஏறிக்கொண்டிருந்தார்கள். அன்று வந்த பனிப்புயலில் 8 பேர் இறந்தார்கள். அவர்களில் அனுபவம் வாய்ந்த வழிகாட்டிகளும் இருந்தார்கள்.

கயிறு யார் கையில்?

முத்துக்குளித்த காலத்தைப் பற்றிப் பேசும்போது கடற்கரையில் ஒன்றைச் சொல்வார்கள். கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறவர் தன் கயிற்றைப் படகில் மச்சான் கையில்தான் கொடுப்பாராம். தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிறது என்று மச்சானுக்குத் தெரியும், ஏமாற மாட்டான். மச்சான் தயவிருந்தால் மலையேறிப் பிழைக்கலாம் என்று பழமொழியே இருக்கிறது. அதில் மலையும் வந்துவிட்டது!

எவரெஸ்ட்டில் அந்த மச்சான் இடத்தில் இருப்பவர் ஷெர்பா. பெயரளவில் வழிகாட்டி. ஆனால் கும்பு பனியருவியில் அலுமினிய ஏணி போடுவது, உச்சி வரை கயிறு கட்டுவது, கூடாரமும் சிலிண்டரும் சுமப்பது எல்லாம் அவர்கள்தான். வாடிக்கையாளர் ஒரு தடவை கடக்கும் பனியருவியை அவர்கள் பல தடவை கடக்கிறார்கள். 2014 ஏப்ரல் 18-ல் அங்கே விழுந்த பனிச்சரிவில் இறந்த 16 பேரும் நேபாளத் தொழிலாளர்கள். ‘எவரெஸ்ட் வெற்றி’ என்று நாம் ஷேர் செய்யும் படங்களில் கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் பெரும்பாலும் ஒரு ஷெர்பாதான்.

2023 மே 18-ல் நடந்ததைக் கேட்டால் இந்தத் தொழிலின் எடை புரியும். கெல்ஜே ஷெர்பா என்ற 30 வயது வழிகாட்டி, சீன வாடிக்கையாளர் ஒருவரை உச்சிக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தார். மரண மண்டலத்துக்குள், கயிற்றைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டு ஒரு மலேசியர் தனியாக நிற்பதைப் பார்த்தார். உச்சியை விட்டுவிடலாம் என்று தன் வாடிக்கையாளரிடம் பேசிச் சம்மதிக்க வைத்தார். பிறகு அந்த மனிதரை முதுகில் சுமந்தும் பனியில் இழுத்தும் சுமார் 600 மீட்டர் கீழே கொண்டுவந்தார். அதற்கே ஆறு மணி நேரம் பிடித்தது. அங்கே நிமா தாஹி ஷெர்பாவும் கைகொடுக்க, மூன்றாம் முகாம் வரை இறக்கினார்கள். அங்கிருந்து ஹெலிகாப்டர் தூக்கிச் சென்றது. அவர் பிழைத்தார்.

எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிராத வேலை இது. அதனால், நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ‘எவ்வளவு குறைக்கலாம்?’ என்பதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. எனக்கென்று தனி ஷெர்பா உண்டா, இரண்டு பேருக்கு ஒருவரா? அவர் எத்தனை முறை 8,000 மீட்டர் தாண்டியவர்? எத்தனை சிலிண்டர் தருவீர்கள்? நான்கு லிட்டர் சிலிண்டர் ஒன்று, நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்று திறந்துவைத்தால், சுமார் 10 மணி நேரம்தான் தாங்கும். வரிசை நீண்டு மேலே காத்திருக்க நேர்ந்தால் கைவசம் உபரி உண்டா? ஷெர்பாவுக்குக் காப்பீடு எவ்வளவு? கடைசிக் கேள்விக்குத் தடுமாறுகிற நிறுவனத்தை அப்படியே விட்டுவிடலாம். தன் ஆளையே காப்பாற்ற நினைக்காதவர் உங்களை எப்படிக் காப்பாற்றுவார்?

நேபாள அரசும் கொஞ்சம் விழித்துக்கொண்டிருக்கிறது. 2025-ல் வந்த விதிப்படி 8,000 மீட்டரைத் தாண்டும் சிகரங்களுக்கு வழிகாட்டி இல்லாமல் போகமுடியாது. இரண்டு பேருக்கு ஒருவராவது இருக்கவேண்டும். வழிகாட்டிகளின் விபத்துக் காப்பீடு 20 லட்சம் நேபாள ரூபாயாக உயர்ந்திருக்கிறது. நம்மூர்க் கணக்கில் 12.5 லட்சம். வாடிக்கையாளரின் அனுமதிக் கட்டணத்தைவிடவும் குறைவு என்பது கண்ணை உறுத்தத்தான் செய்கிறது.

தூத்துக்குடியிலிருந்து எங்கே தொடங்குவது?

தொடங்குவது காத்மாண்டுவில் இல்லை, உத்தரகாசியிலோ டார்ஜிலிங்கிலோ. உத்தரகாசியின் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம், டார்ஜிலிங்கில் டென்சிங் நார்கே பயிற்சி இயக்குநராக இருந்த இமாலய மலையேற்ற நிறுவனம், மணாலி, பஹல்காம் என அரசுப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய நான்கு வாரம். தனியார் தொகுப்புகளோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு, அதனால் இடம் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். ‘ஏ’ கிரேடு வாங்கினால்தான் அடுத்த நிலைப் பயிற்சிக்கு எடுப்பார்கள். பனிக்கோடரி பிடிப்பது, வழுக்கினால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்வது, கயிற்றில் ஏறி இறங்குவது எல்லாம் அங்கே விரலுக்குள் இறங்கிவிடும். ஆபீஸில் நான்கு வார லீவு கேட்பதுதான் இதில் கஷ்டமான கட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. எவரெஸ்ட்டுக்கே ஏறக்குறைய இரண்டு மாதம் வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு படிப்படியாக. மணாலிக்குப் பக்கத்தில் 5,289 மீட்டர் ஃப்ரெண்ட்ஷிப் சிகரம். லடாக்கில் 6,000 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள். நேபாளத்தில் லொபுச்சே கிழக்கு, மேரா. அதன்பின் ஒரு 7,000. முடிந்தால் 8,163 மீட்டர் மனாஸ்லு. ஒரு 7,000 மீட்டர் சிகரம் ஏறியவருக்குத்தான் எவரெஸ்ட் அனுமதி என்று நேபாள நாடாளுமன்றத்தில் 2025-ல் மசோதாவே வந்தது. சட்டம் கட்டாயப்படுத்துகிறதோ இல்லையோ, 6,500 மீட்டரில் தன் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாமல் 8,000-க்குப் போவது, நீச்சல் தெரியாமல் முத்துப்பாருக்குக் குதிப்பது மாதிரிதான்.

ஊரில் இருந்தபடியே செய்யக்கூடியதும் நிறைய. கடற்கரை மணலில் ஓடலாம். முதுகில் 15 கிலோ பையோடு மாடிப்படி ஏறி இறங்கலாம். வார இறுதியில் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகலாம், வனத்துறை அனுமதியோடு. இவையெல்லாம் காலுக்கும் இதயத்துக்கும் பலம் தரும். உயரத்துக்குப் பழக்காது. ‘ஜிம்ல நான்தான் டாப்’ என்பவர் 4,000 மீட்டரில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார, ஒல்லியாக இருப்பவர் தேநீர் குடித்தபடி நடந்துபோவது அங்கே சாதாரணம்.

ஏமாற்று வேலைகளும் கொட்டிக்கிடக்கின்றன. 2016-ல் எவரெஸ்ட் ஏறியதாகப் போலிப் படம் காட்டிய இந்தியர்களுக்கு நேபாளம் தடை போட்டது. தேவையே இல்லாமல் ஹெலிகாப்டரில் ஏற்றி காப்பீட்டுப் பணம் பறிக்கும் மோசடியை 2018-ல் நேபாள அரசே விசாரித்தது. விமானம் ஏறும் முன்பே காப்பீட்டு நிறுவனத்தின் எண்ணை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வைப்பது நல்லது.

அப்படியானால், ஏற்றிவிட்டுவிடுவார்களா?

பாதி உண்மை. கயிறும் ஆக்சிஜனும் ஷெர்பாவும் இருப்பதால், முன்பு நிபுணர்களால் மட்டுமே முடிந்ததை இன்று நன்றாகப் பயிற்சி எடுத்த சாதாரண மனிதர் செய்கிறார். 2023-ல் நேபாளம் 478 பேருக்கு அனுமதி கொடுத்தது. அதே வசதிதான் 2019 மே மாதம் உச்சிக்குக் கீழே ரேஷன் கடை வரிசை மாதிரி ஒரு நெரிசலை உண்டாக்கியது. அந்தப் படத்தை உலகமே பார்த்தது. அந்த சீசனில் 11 பேர் இறந்தார்கள், இந்தியர்களும் அதில் உண்டு. இதுவரை எவரெஸ்ட்டில் இறந்தவர்கள் 330-க்கும் மேல். பலரின் உடல் இன்னும் மேலேயே இருக்கிறது. அங்கிருந்து ஒரு உடலை இறக்க ஆகும் செலவு பல லட்சம். அதற்காக உயிரைப் பணயம் வைப்பவர்களும் ஷெர்பாக்களே. வீட்டில் இந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் மனசு வராது. ஆனால் காப்பீட்டுப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அதைப் பெற்றோருக்கோ மனைவிக்கோ கணவருக்கோ வாசித்துக் காட்டிவிடவேண்டும்.

இன்னொன்று, ரீல்ஸில் வராத விஷயம். 2024-லிருந்து கும்பு உள்ளாட்சி அமைப்பு ஒரு விதி போட்டிருக்கிறது. மேலே கழிக்கும் மலத்தை ஒவ்வொருவரும் பையில் கட்டிக் கீழே கொண்டுவரவேண்டும். 40 லட்சம் கொடுத்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

அப்படியும் போய்ச் சேர்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். எவரெஸ்ட்டின் உச்சிப் பாறை சுண்ணாம்புக்கல். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் தரையாகக் கிடந்தது. கடல்வாழ் உயிரினங்களின் எச்சம் அந்தப் பாறையில் இப்போதும் இருக்கிறது. தூத்துக்குடியில் காலடியில் மிதிபடுகிற சங்குத் துண்டுக்கும் சிப்பி ஓட்டுக்கும் அது தூரத்துச் சொந்தம்.